முன்னால் ஒரு முதுகு

முதுகுதான். காலையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து யோகமலரின் கண்ணுக்கு முன்னால் இருப்பது குகனேசனின் முதுகு ஒன்றுதான். மஞ்சள் சட்டை, பின்பக்கத்துப் பையில் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு வாழைப்பழங்கள், தோள்களுக்கு நடுவே மெல்லப் பரவும் வியர்வை. இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் கிராமப்புறம் அப்படி இப்படி என்று ஆட்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அந்த அழகில் இவளுக்குக் கிடைப்பது இடப்பக்கத்தில் ஒரு துண்டு வேலி, வலப்பக்கத்தில் ஒரு துண்டு செம்மறி, நடுவில் இந்த மனிசனின் முதுகு. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக இருந்து மிதிக்கும் நீளச் சைக்கிள். டாண்டம் என்று அதற்குப் பெயர். முன்னால் இருப்பவரிடம் ஹாண்டில், பிரேக், கியர், வழி காட்டும் குட்டித் திரை எல்லாம். பின்னால் இருப்பவளிடமும் ஒரு ஹாண்டில் இருக்கிறது, ஆனால் அது எதையும் திருப்பாது. பிடித்துக்கொண்டிருக்க மட்டும். கலியாணம் பேசி வந்த அன்றே இதைக் காட்டியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும் என்று அவள் ஒருநாள் நினைத்துச் சிரித்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. இன்று எழும்பிய நேரத்திலிருந்தே பற்றிக்கொண்டு வருகிறது. இன்று ஆரபியின் பிறந்தநாள், இந்த மனிசன் காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "டயருக்குக் காத்து அடிச்சிட்டன், வெளிக்கிடும்" என்றார். அவ்வளவுதான். பெற்ற மகளின் பிறந்தநாளுக்கு டயருக்குக் காற்று.

"குழி!" என்று முதுகு சொல்லிற்று. அவள் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பிக் கொடுத்தாள். சில்லு குழியில் இறங்கி ஏறியது. இதுதான் முறை. முன்னால் இருப்பவருக்குத்தான் வழி தெரியும், அவர்தான் குழியைச் சொல்ல வேண்டும், திரும்புகிற பக்கத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஹாண்டிலை விட்டுக் கையெடுக்க ஏலாது, ஆகவே அவர் "இடம்" என்றால் இவள் இடக்கையை நீட்டுவாள், "வலம்" என்றால் வலக்கையை நீட்டுவாள், பின்னால் வருகிற காரெல்லாம் அதைப் பார்த்து ஒதுங்கும். சைக்கிள் கழகத்து வெள்ளைக்காரிகள் இவளைப் பார்த்து, உங்கள் கைச்சாடை எவ்வளவு அழகு, நாட்டியம் பழகினீர்களா என்று கேட்டார்கள். குகனேசன் முந்திக்கொண்டு, ஓம் ஓம், சின்னனிலை பழகினவ என்று சொன்னார். அவள் நாட்டியமும் பழகவில்லை ஒன்றும் பழகவில்லை. அவள் பழகினது சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் ஏது, கார் ஏது. காய்ச்சலோடு கிடந்த அம்மாவைக் கரியரில் ஏற்றித் தன் இடுப்போடு சீலையால் கட்டிக்கொண்டு, ஆமி ஹெலிகொப்டர் சுற்றுகிற சத்தத்துக்குக் கீழே பெரியாஸ்பத்திரி மட்டும் ஒற்றை ஆளாக மிதித்தவள் அவள். குழி என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் முன்னால் இருக்கவில்லை. அவளே பார்த்தாள், அவளே வெட்டினாள். அந்தப் பெட்டையைக் கொண்டுவந்து இங்கே பின் இருக்கையில் வைத்துக் கையை நீட்டு, கையை மடக்கு என்று பழக்கி வைத்திருக்கிறார். பழகிப்போனாளே, அதுதான் பெரிய வெட்கம். சீ.

ஒழுங்கை குறுகிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே வேலி, வெள்ளைப் பூ, எருவின் மணம், ஈர மண். பெடல்கள் சுற்றின. முன் பெடலும் பின் பெடலும் ஒரே சங்கிலி, அவர் கால் சுற்றினால் இவள் கால் சுற்றியே ஆக வேண்டும். அமத்தி மிதிக்கிறாளா, காலைச் சும்மா விட்டிருக்கிறாளா என்பதைக் கண்ணால் பார்க்க ஏலாது, பாரத்தை வைத்துத்தான் அவர் கண்டுபிடிப்பார். "இஞ்சேரும், காலை ஓய விடாதையும்" என்று இப்போதும் சொன்னார். ஓய விடவில்லை. அவருடைய நெஞ்சில் அடைப்பு எடுத்து ஸ்ரென்ட் வைத்த நாளிலிருந்து அவள் ஓய விட்டதே இல்லை. டொக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார், இவருக்குத் தனியே போகப் பயம், விழுந்து கிடந்தால் ஆர் பார்ப்பது, ஆகவே டாண்டம். ஒவ்வொரு ஏற்றத்திலும் அவருடைய மூச்சைக் காதால் எண்ணிக்கொண்டு, மூச்சு கனத்தால் இவள் இரட்டிப்பாய் மிதித்து, இரண்டு வருஷமாய் அந்த நெஞ்சை இந்தக் கால்களில் சுமக்கிறாள். அந்த நெஞ்சுதானே சத்தியம் வாங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு இவள் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்து, "ஆரபியோடை கதைக்கமாட்டன் எண்டு சொல்லும். கதைச்சீரெண்டால் இது நிண்டு போம்" என்றார். வயர்கள் ஒட்டியிருந்த அந்த மார்புக்குக் கீழே படக் படக் என்று அடித்தது. சொன்னாள். வேறென்ன செய்வாள். ஒரு கையில் புருசனின் நெஞ்சு, மற்றக் கை வெறுங்கை.

அதற்கு முந்தியதுதான் அந்தப் பின்னேரம். ஆரபி ஒரு பையோடு வாசலில் நின்றாள். கலியாணம் முடிந்து பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. ஹோல் நிறையச் சனத்தைக் கூட்டி, யானை மாதிரி ஒரு மணவறை போட்டு இவர் கட்டி வைத்த கலியாணம். "அவர் என்னை அடிக்கேல்லை அம்மா. மூச்சு விட விடுறாரில்லை" என்றாள் பிள்ளை. எங்கே போகிறாய், ஆரோடு கதைக்கிறாய், போனைத் தா, இந்தச் சட்டையைப் போடாதே, ஏன் சிரித்தாய், ஏன் சிரிக்கவில்லை. கழுத்தெலும்பு வெளியே தெரிய நின்றாள். குகனேசன் கதிரையிலிருந்து எழும்பாமலே, "அடிக்காதவனை விட்டிட்டு வாறதோ? ஊர் என்ன சொல்லும்? திரும்பிப் போ. இல்லாட்டி இந்த வாசல்படி மிதியாதை" என்றார். எந்த ஊர்? பக்கத்து வீட்டுப் போலந்துக்காரனா? எதிர்வீட்டுக் கிழவியா? அவர்களுக்கு இவர்கள் பெயரே ஒழுங்காய்ச் சொல்ல வராது. யோகமலர் அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கப் போனாள். அணைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வாசலில் பிள்ளை இல்லை. இதை நினைக்கிற போதெல்லாம் அந்தப் பருப்பு மணம் வந்துவிடுகிறது, இப்போதும், இந்த எரு மணத்துக்கு நடுவிலும் வருகிறது. பருப்பு பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டிருக்கலாம். வீடே எரிந்திருந்தாலும் என்ன. அடுப்பை அணைக்கப் போனாளாம் அடுப்பை. வயிறு எரிகிறவளுக்கு அடுப்பு ஒரு கேடு.

முதுகு நிமிர்ந்தது, பிரேக் கிறீச்சிட்டது. "றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள்" என்றார் குகனேசன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் வேலையாம், நடு ஒழுங்கையில் மஞ்சள் பலகை, அம்புக்குறி வேறு பக்கம் காட்டியது. அவர் குட்டித் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "திரும்பிப் போவம். வீட்டை போவம்" என்றார். அவள் ஆச்சரியப்பட்டாள். மழை பெய்தாலும், காற்று முகத்தில் அறைந்தாலும், சனிக்கிழமை இரவு மேசையில் குந்தியிருந்து கீறின வழியை முடிக்காமல் திரும்பாத மனிசன். ஞாயிற்றுக்கு ஞாயிறு வேறு வேறு வழி. ஒருநாள் தேவாலயங்களின் வழி என்பார், ஒருநாள் பாலங்களின் வழி என்பார். எந்த வழியானாலும் நடுவில் ஒரு குன்றின் மேலே அதே படலையடியில் நிறுத்தி வாழைப்பழம் தின்பது மட்டும் மாறாது. தோட்டத்துக்குள் போகிற வேலிக்கு ஒரு பழைய மரக் கதவு, அதுதான் படலை. "நல்ல வியூ" என்பார். தின்றுவிட்டு "இடம்" என்பார், இவள் இடக்கையை நீட்டுவாள், இறங்குவார்கள். "ஏன் திரும்புவான்? அம்புக்குறி போட்டிருக்கிறாங்கள்தானே, அதாலை போவம்" என்றாள், வேண்டுமென்றே. இன்று அவர் எதைச் சொன்னாலும் மாறிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் பின்னால் ஒரு கார் வந்து வழி விடச் சொல்லி ஹோர்ன் அடித்தது. அந்தச் சந்துக்குள் நீளச் சைக்கிளைத் திருப்ப இடமில்லை. முதுகு அம்புக்குறிப் பக்கம் திரும்பியது.

புது ஒழுங்கை. ஒரு ஓடை, ஒரு கல்லுப் பாலம், மூன்று வீடு. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு வழிகாட்டி மரம், பச்சை பிடித்த வெள்ளைப் பலகை, குன்றுக்கு மேலே கை காட்டிக்கொண்டு. அவள் அதை வாசித்தாள். மார்ல்கோட், ஒரு மைல். பிடரியில் ஆரோ தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. மார்ல்கோட். தேர்த்திருவிழாவில் மச்சாளின் மகள் காதுக்குள் சொன்ன பெயர். "மாமி, மாமாவுக்கு நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. ஆரபியக்கா மார்ல்கோட் எண்ட இடத்திலை பூங்கன்று விக்கிற நர்சரியிலை வேலை. கண்ணாடி வீட்டுக்குள்ளை தக்காளிக் கன்றெல்லாம் வளக்கிறாவாம். தனிய இருக்கிறா, நல்லா இருக்கிறா." அந்தப் பெயரை அவள் தாலிக்கொடிக்குள் முடிந்து வைத்த மாதிரி வைத்திருந்தாள். ஒருநாளும் வரைபடத்தில் தேடிப் பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டால் போக வேண்டி வந்துவிடும், போனால் அந்த நெஞ்சு நின்றுவிடும். ஸ்கொட்லாந்துப் பக்கம் எங்கேயோ என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். ஒரு மைல். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் ஓடுகிற தூரம்.

முன்னால் அந்தக் கழுத்தைப் பார்த்தாள். சட்டைக் கொலருக்குள் ஒடுங்கிப் போய்விட்டது கழுத்து. பலகையை அவரும் வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுப் பேசாமல் மிதிக்கிறார், கண்ணெதிரே ஒன்றும் எழுதியிருக்காத மாதிரி. "மிதியும் மிதியும்" என்று மட்டும் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு. ஏற்றம் செங்குத்து. மூச்சு கனத்தது, அவளுக்குத் தெரிந்த கனம், சீழ்க்கை மாதிரி ஓரத்தில் ஒரு இழுப்பு. காலைச் சும்மா விட்டால் என்ன? ஒன்றும் தெரியாது. பெடல் சுற்றும், கால் சுற்றும், பாரம் முழுக்க அந்த முதுகில் ஏறும். சாகட்டும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சாகட்டும், ஒரு சுற்று, இரண்டு சுற்று, கால்கள் இளகி, அந்த இழுப்பு நீண்டு, பிறகு அவளுக்கே நெஞ்சு திக்கென்றது. வெறி பிடித்தவள் மாதிரி அமத்தி மிதித்தாள். மிதிக்க மிதிக்க ஆத்திரம் கூடியது. அவரைக் காப்பாற்றவும் இவள் கால்தான், மகளை விட்டு விலகி ஓடவும் இவள் கால்தான். நல்ல கால்கள். முறித்துப் போட வேண்டும் இந்தக் கால்களை.

ஏற்றம் முடிந்தது. வேலி திறந்தது. நான்கு ஒழுங்கைகள் கூடுகிற இடம், ஒரு ஓக் மரம், ஒரு படலை. முதலில் விளங்கவில்லை. மறுபக்கத்தால் வந்ததில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. பிறகு படலையின் உடைந்த மேல் சட்டம் கண்ணில் பட்டது. அதே படலை. வாழைப்பழப் படலை. அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் அதே கட்டையான தேவாலயக் கோபுரம், அதே பத்துப் பன்னிரண்டு கூரைகள், ஓரத்தில் வெயிலுக்கு மின்னுகிற அதே கண்ணாடி நிரைகள். எத்தனை ஞாயிறு இதைப் பார்த்து, அது என்ன மின்னுது, குளமோ என்று கேட்டிருக்கிறாள். ஓம், குளம் என்று சொல்லியிருக்கிறார் இந்த மனிசன். வாழைப்பழத்தை மென்றுகொண்டு, கண்ணுக்கு மேலே கை வைத்துக்கொண்டு, நல்ல வியூ என்று. தேவாலய வழியும் பால வழியும் எல்லாம் இந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான். செக்குமாடு மாதிரி இவளையும் கட்டி இழுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். "இடம்" என்றார் குகனேசன். இன்றைக்கு நிறுத்தவில்லை, வாழைப்பழம் இல்லை, வியூ இல்லை. குரல் அவசரப்பட்டது. "இடம் எண்டுறன், கையைக் காட்டும்."

அவள் வலக்கையை நீட்டினாள். தோளிலிருந்து விரல் நுனி மட்டும் நேராக. பின்னால் வந்த கார் இவர்கள் வலப்பக்கம் போகிறார்கள் என்று நினைத்து நின்றது, சைக்கிளோ இடப்பக்கம் சரிந்தது, கார்க்காரன் ஹோர்ன் அடித்தான், கண்ணாடியை இறக்கி, எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள் அம்மா என்று ஆங்கிலத்தில் மரியாதையாய்த் திட்டிவிட்டுப் போனான். அவள் இரண்டு கால்களையும் இறுக்கிப் பூட்டினாள். பெடல் நின்றது. சைக்கிள் தள்ளாடி, அவர் ஒரு காலை ஊன்ற, நின்றது. "என்ன செய்யிறீர்? விசரே உமக்கு?" முதுகு திரும்பி முகமானது. சிவந்து, வேர்த்து, பயந்த முகம். "அது குளமோ?" என்றாள் அவள். அவர் குட்டித் திரையைத் தட்டினார். "கேக்கிறன். அது குளமோ?" அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார், பார்க்காமல் இருக்க முடியாதவர் மாதிரி. "ஞாயிற்றிலை வெளியிலை நிண்டு தண்ணி விடுவாள்" என்றார். "நீலத் தொப்பி. போன மாரியிலை மெலிஞ்சு போனாள். இப்ப பரவாயில்லை."

மெலிந்து போனாளாம். இப்போது பரவாயில்லையாம். பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று இருட்டில் படுத்துக்கொண்டு மூக்கையும் கண்ணையும் தனித்தனியே நினைத்து ஒட்டிப் பார்த்தவள் இவள். அவள் நீலத் தொப்பி போடுவாள் என்று இந்த மனிசனுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று அதே பழத்தைத் தின்றபோது இவளுக்கு மட்டும் தெரியாது. "நீங்கள் மட்டும் பாத்தனீங்கள்" என்றாள். திரும்பச் சொன்னாள், இம்முறை செம்மறிகள் நிமிர்ந்து பார்த்தன. "நீங்கள் மட்டும்! என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டு, என்னைப் பின்னாலை வைச்சு மிதிக்க விட்டிட்டு, நீங்கள் மட்டும் பாத்தனீங்கள்!" "சொன்னால் நீர் போவீர்." "போகத்தான் வேணும்!" "போனால் நான் தோத்தமாதிரி." சொல்லிவிட்டு அவரே அந்தச் சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டார். தோற்கிறதாம். ஆறு வயதில் ஆரபிக்குப் பார்க்கில் சைக்கிள் பழக்கினார். பின் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, பிள்ளைக்குத் தெரியாமல் விட்டுவிட்டு, எங்கேயோ தூரத்தில் நின்றார். "அப்பா, பிடிச்சிருக்கிறீங்களா?" "பிடிச்சிருக்கிறன், பிடிச்சிருக்கிறன்." அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். தூரத்தில் நின்று பிடித்திருக்கிறேன் என்று சொல்வதுதான் இவருக்குத் தெரிந்த அப்பன் வேலை.

அவள் பெடலில் பூட்டியிருந்த சப்பாத்தைத் திருகிக் கழற்றினாள். இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிப் பின் ஹாண்டிலில், அந்த எதையும் திருப்பாத ஹாண்டிலில், கொழுவினாள். அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். பிறந்தநாளுக்குக் கொண்டுபோக வேறொன்றும் இல்லை. "என்ரை நெஞ்சு" என்றார் குகனேசன், ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் மார்பையும் பிடித்துக்கொண்டு. அவள் நின்றாள். அந்த மூச்சைக் கேட்டாள். இரண்டு வருஷமாய்ப் பழகிய காது, அதை ஏமாற்ற ஏலாது. இழுப்பு இல்லை. சீராய்த்தான் வந்தது மூச்சு. "உங்கடை நெஞ்சுக்கு ஒண்டுமில்லை" என்றாள். "அது உங்களை மாதிரியே நல்ல கெட்டி."

வலப்பக்கத்து ஒழுங்கை கீழே இறங்கியது. மரங்கள் மேலே கூடி இருட்டிக் கிடந்தது. அவள் ஒருநாளும் கை காட்டாத பக்கம். சப்பாத்தின் இரும்பு தாரில் டக் டக் என்று அடித்தது, ஒரு கேலிக்கூத்து மாதிரி, வளையல் இல்லை, சீலை இல்லை, இறுகின காற்சட்டையும் வியர்வையுமாய் ஒரு தாய் வருகிறாள். கதவைத் திறப்பாளா? திறந்து, அம்மா அடுப்பை அணைச்சாச்சா என்று கேட்டால் என்ன சொல்வது? கேட்கட்டும். கேட்க அவளுக்கு வாயிருக்கிறது, வாங்கிக்கொள்ள இவளுக்கு முகம் இருக்கிறது. வாழைப்பழம் கையில் நசிந்தது, பிடியைத் தளர்த்தினாள். பின்னாலிருந்து குரல் வந்தது, வழக்கமான அந்தக் குரல், இரண்டு வருஷமும் கேட்ட அதே உயரத்தில். "குழி! அந்த முடக்கிலை, இடப்பக்கம், பெரிய குழி. பாத்து!"

அவள் நின்றுவிட்டாள். ஒழுங்கை வளைகிற அந்த முடக்கு அங்கிருந்து அவருக்குத் தெரியாது, மரம் மறைத்தது. குழி இவளுக்கே இன்னும் தெரியவில்லை. ஆகவே வந்திருக்கிறார். கிழமை நாளில், இவள் வேலைக்குப் போன பிறகு, காரை எடுத்துக்கொண்டு இந்த ஒழுங்கைக்குள் வந்து, அந்த முடக்கு மட்டும் இறங்கி, எத்தனை தரமோ, திரும்பிப் போயிருக்கிறார். கோழை. கோழை கோழை என்று அவள் சத்தமாகவே சொன்னாள், கண் நிறைந்து வழிந்தது, அது அவருக்காகவா தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. வந்தால் வரட்டும், இனி அவர் பார்க்கட்டும் இவள் முதுகை. முடக்கு வந்தது. இடப்பக்கத்தில் குழி இருந்தது, மழைத்தண்ணீர் தேங்கி, பெரிய குழிதான். அவள் அதைச் சுற்றி நடந்தாள். அப்பால் வலப்பக்கத்தில் கண்ணாடி நிரைகள், குழாயின் நீளம், தண்ணீர் சீறுகிற சத்தம். பின்னால் கார் இல்லை, சைக்கிள் இல்லை, ஒழுங்கையில் ஒரு சனமும் இல்லை. ஆனாலும் யோகமலர் வலக்கையை நேராக நீட்டினாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பினாள்.